சிமெண்டுக்குச் சம்மதம்

கழுத்தில் மஃப்ளர், தலையில் குரங்குக் குல்லா, கையில் ஆறிப்போன காபி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வாசல் படியில் நின்றபடி பூதக்கண்ணாடி ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இந்தக் குளிரோடு இந்தத் தோட்டத்துக்கு முற்றுப்புள்ளி!

பூதக்கண்ணாடி என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. தெரு கூடி வைத்தது. காப்பீட்டுக் கம்பெனியில் உத்தியோகம். எங்கேயாவது வண்டி மோதி நசுங்கிவிட்டால், நசுங்கிய இடத்தை நிஜமாகவே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இது நேத்து விழுந்த அடி இல்ல, போன வருஷத்து அடி" என்று சொல்லி வண்டிக்காரரை அழவிடுவார். நாள் முழுக்கப் பொய்யைத் தேடித் தேடி, வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. பால் தண்ணீராக இருந்தால் எல்லாரும் பால்காரரைச் சந்தேகப்படுவார்கள். இவர் மாட்டையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். எப்போதும் தாமதமாக ஓடும் சுவர்க்கடிகாரம் ஒருநாள் சரியாக ஓடினால், "இன்னிக்கு மட்டும் என்ன திடீர் ஒழுங்கு?" என்று அதன் முதுகைத் திறந்து பார்ப்பார்.

தோட்டம் மனைவியுடையது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நட்டது, வளர்த்தது, பெயர் வாங்கியது எல்லாம் அவள். தோண்டியது இவர்.

மற்ற மாதங்களைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். குளிர்காலம்தான் கொடுமை. செடிகளெல்லாம் தூங்கும். அவை நிம்மதியாகத் தூங்க இவர் உழைக்க வேண்டும். உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளி, வேருக்கு மெத்தை போட வேண்டும். எலுமிச்சங்கன்றுக்குப் பனி ஆகாது என்று சாக்கு போர்த்த வேண்டும். பாத்திகளைக் கொத்திப் புரட்ட வேண்டும். ரோஜாவின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும்.

"செடிக்குக் கவாத்துன்னு பேரு. பட்டாளத்துக்காரன் மாதிரி மண்வெட்டியைத் தோள்ல வச்சுக்கிட்டு முன்னும் பின்னும் நடக்கறது நான்தான். சொத்துல அவளுக்குப் பாதி, எனக்குப் பாத்தி!" என்று ஆபீசில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

சிமெண்டு போட்டுவிட்டால்? அதிலிருந்து இலை உதிராது. அதற்குக் குளிராது. சாக்கு கேட்காது. தெருவில் மரத்தடியில் நின்று பறவைகளின் அபிஷேகம் வாங்கிக்கொண்டிருக்கும் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாம். பக்கத்திலேயே ஒரு சாய்வு நாற்காலி. நினைக்கும்போதே முதுகுவலி பாதி குறைந்தது.

மனைவியோடு வாதாட அங்கேயே தயாரானார். கொசுத் தொல்லை, பாம்பு பயம், அஸ்திவாரத்துக்கு ஆபத்து. எதுவும் எடுபடாவிட்டால் கடைசியாக டாக்டர் சொன்னதாக ஒரு பொய். எல்லாவற்றையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அவள் மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, ஒரு விஷயம் பேசணும்."

"பேசுங்க."

"கோபப்படக் கூடாது."

"படல."

"பின்பக்கம் பூரா சிமெண்டு போட்டுடலாம்னு பார்க்கறேன்."

சிவப்புப் பென்சில் யாரோ ஒரு பாவப்பட்ட பிள்ளையின் கணக்கில் ஒரு பெருக்கல் குறி போட்டது. "சரிங்க" என்றாள்.

"நீ என்ன வேணா சொல்லு, கொசு இருக்கே கொசு..." என்று சீறிக்கொண்டு கிளம்பியவர் பாதியில் பிரேக் போட்டார். "என்ன சொன்னே?"

"சரிங்கன்னேன்."

"நான் சொன்னது சிமெண்டு."

"காது கேட்டுது. சிமெண்டு."

"ரோஜா, எலுமிச்சை எல்லாம் போயிடும்மா."

"சிமெண்டுல எப்படிங்க முளைக்கும்? போயிடும்தான்."

"உனக்கு வருத்தமா இல்ல?"

"உங்க முதுகைவிட ரோஜா பெருசா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

பூதக்கண்ணாடி தள்ளி நின்றார். வெற்றி பெற்றவர் முகம் மாதிரியே இல்லை அவர் முகம். நடுரோட்டில் பர்ஸ் கிடப்பதைப் பார்த்தவர், கட்டியிருக்கும் நூல் எந்தப் புதரிலிருந்து வருகிறது என்று தேடுவாரே, அந்த மாதிரி இருந்தது.

நேராகப் பக்கத்து வீட்டு மதில் ஓரம் போனார். அங்கே பல் டாக்டர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஊரில் எல்லார் வாயையும் திறக்க வைப்பவர், தன் வீட்டில் மட்டும் வாயே திறக்காதவர். ஆகவே அனுபவசாலி.

"சரின்னுட்டாங்களா? எந்த சரி சார்?"

"சரியில என்ன எந்த சரி?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க! வெறும் 'சரி'ன்னா கோபம். 'சரி சரி'ன்னா காதுலயே வாங்கலைன்னு அர்த்தம். 'சரி, உங்க இஷ்டம்'னா ஒரு வாரத்துக்குப் பேச்சு கிடையாது. உங்களுக்குக் கிடைச்சது எது?"

"சரிங்க."

"'ங்க' வேற இருந்துதா?" டாக்டர் நாற்காலியை மதிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "பின்னாடி பெருமூச்சு வந்துதா?"

"இல்ல."

"பாத்திரம் ஏதாச்சும் டமால்னு வச்சாங்களா?"

"கையில பென்சில்தான் இருந்துது."

"பென்சிலை?"

"மெதுவாத்தான் வச்சா."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "சார், வலியே இல்லாம ஒரு பல்லு ஆடினா நான் ரொம்பப் பயப்படுவேன். அடியில பெருசா என்னமோ நடந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

இனி அவருக்குத் தூக்கமேது? அன்றிலிருந்து வீடு விபத்து நடந்த இடமாயிற்று. மனைவி எங்கே போனாலும் இவர் இரண்டு தப்படி பின்னால். அவள் பாட்டு முணுமுணுத்தாள். ஏன் முணுமுணுக்கிறாள்? பாட்டை நிறுத்தினாள். ஏன் நிறுத்திவிட்டாள்? தண்ணீர்க் குழாயிலிருந்து மதில் வரைக்கும் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா அளக்கறே?"

"மேஸ்திரி வந்தா எவ்வளவு இடம்னு கேப்பாருல்ல?"

பதில் நியாயமாக இருந்தது. அதுதான் உறுத்தியது. அவருடைய உத்தியோக அனுபவத்தில், நியாயமான பதிலைத் தயாராக வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் வண்டியைத் தாங்களே கொண்டுபோய் மரத்தில் மோதியவர்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் குட்டு உடைந்தது. ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவருடைய அறை ஜன்னலுக்கு நேர் கீழே மனைவியின் குரல். போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு ஷூவோடு நொண்டிக்கொண்டே போய்த் திரைக்குப் பின்னால் பதுங்கினார்.

"ஆமாண்ணே... பின்பக்கம் பூராவும்... மேடு பள்ளம் இல்லாம மொழுமொழுன்னு."

அண்ணன்! மச்சான் ஒரு பாண்டு மாஸ்டர். ஊதுகுழல்கள், தாளத்தட்டுகள், இடுப்பளவு டிரம்முகள் என்று ஒரு பட்டாளத்தையே வைத்துக் கட்டி மேய்ப்பவர். ஒருமுறை விருந்துக்கு வந்தவர், தங்கை கேட்டாள் என்று கூடத்தில் நின்று ஊதினார். ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. இவரே அதற்குக் காப்பீட்டுத் தொகை கேட்டு விண்ணப்பித்து, இவரே பரிசோதித்து, காரணம் நம்பும்படியாக இல்லை என்று இவரே தள்ளுபடி செய்தார்.

கீழே குரல் தொடர்ந்தது. "அத்தனை பேரும் தாராளமா நிக்கலாம்ணே... பெரிய டிரம்மா? அதை அவரு ரூம் ஜன்னல் ஓரமா வச்சுக்கலாம்... தினமும் சாயங்காலம் வந்து பழகுங்க, யாரு கேக்கப் போறா?... ஐயையோ, அவருகிட்ட இப்ப மூச்சு விடாதீங்க. முதல்ல சிமெண்டு காயட்டும்!"

திரைக்குப் பின்னால் பூதக்கண்ணாடி ஒற்றைக் காலில் நின்றபடி, கண்ணை மூடிச் சிரித்தார். ஆஹா! இதுதானா சங்கதி! என் முதுகின் மேல் அக்கறையாம், முதுகு!

ஒட்டுக்கேட்டதைச் சொல்ல முடியாது. சொன்னால் வழக்கு வேறு திசையில் போய்விடும். ஆகவே ராத்திரிச் சாப்பாட்டில் சாதாரணமாக ஆரம்பித்தார்.

"யோசிச்சுப் பார்த்தேன். தோட்டம் இருந்துட்டுப் போகட்டும்."

அவள் கை தட்டுக்கு மேலேயே நின்றது. "அதெப்படிங்க? மேஸ்திரிக்குச் சொல்லியாச்சே."

"வேணாம்னு சொல்லிடு."

"உங்க முதுகு?"

"வேலை செஞ்சாத்தான் முதுகு உறுதியாகும். டாக்டரே சொன்னாரு."

"எந்த டாக்டரு?"

"பக்கத்து வீட்டு டாக்டரு."

"அவரு பல் டாக்டருங்க."

"பல்லு உறுதியா இருந்தா முதுகும் இருக்கும். பேச்சை மாத்தாதே."

"எனக்கு முட்டி வலி. இந்த வருஷம் என்னால குனிஞ்சு நிமிர முடியாது. யாரு இதையெல்லாம் பார்த்துக்கறது? சிமெண்டே போட்டுடலாங்க."

"நான் பார்த்துக்கறேன்."

"இந்தக் குளிர் மட்டும் செஞ்சாப் பத்தாதுங்க. வர்ற வருஷம் எங்க எதை வைக்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணி, மண்ணைத் தயார் பண்ணணும். வெயில்ல தண்ணி ஊத்தணும், மழையில வரப்பு கட்டணும்..."

"வருஷம் பூரா நான்தான் பார்த்துப்பேன். போதுமா?"

"வேணாங்க. நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன். சத்தியம்!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. பாவம், அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று அழுகிறாள், என்று பூதக்கண்ணாடி பெருந்தன்மையோடு இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பமாயிற்று. அவர் கனவு கண்ட சாய்வு நாற்காலியும் வந்து சேர்ந்தது. அதில் சால்வையைப் போர்த்திக்கொண்டு மனைவி உட்கார்ந்தாள். இவர் ரோஜாவை வெட்டினார். "மொட்டுக்கு மேல சாய்வா வெட்டுங்க, தண்ணி தங்கக் கூடாது" என்று நாற்காலி சொன்னது. இவர் சருகை அள்ளினார். "தண்டை ஒட்டிக் குவிக்காதீங்க, அழுகிடும்" என்றது நாற்காலி. இவர் மண்ணைக் கொத்தினார். நாற்காலி டீ குடித்தது.

அப்புறம் வருஷத் திட்டம். ஒரு கட்டுக் குச்சியைக் கையில் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு குச்சியும் ஒரு செடி.

"மதில் ஓரமா ஒரு குச்சி நடுங்க. அது பீன்ஸ். பந்தல் போடணும். இந்தப் பக்கம் பூசணி. அது படரும், இடம் விடுங்க."

"தக்காளிக் குச்சியை இங்க நட்டுடவா?"

"போன வருஷம் அங்கதானே கத்திரி இருந்துச்சு? அந்த இடத்துல தக்காளி ஆகாது. ரெண்டும் ஒரே குடும்பம். ஒண்ணுக்கு வர்ற நோவு இன்னொண்ணுக்கும் வரும்."

"அண்ணன் தங்கச்சி மாதிரி."

"என்னங்க?"

"குச்சி குத்திடுச்சுன்னேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்சம் நிமிர்ந்தால் போதும், நாற்காலியிலிருந்து பரிவான குரல் வரும். "முடியலைன்னா விட்டுடுங்க. மேஸ்திரி இந்த வாரம் சும்மாத்தான் இருக்காராம்." உடனே அவர் காதுக்குள் பெரிய டிரம் ஒன்று டம்மென்று விழும். மண்வெட்டி தானாகப் பறக்கும்.

அதோடு வேறொன்றும் நடந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் எலுமிச்சங்கன்றின் சாக்கை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஓர் இலை ஓரத்தில் பழுத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்து, இது நேற்றுப் பனியால் வந்த சேதமா, முன்னாலேயே இருந்ததா என்று ரொம்ப நேரம் ஆராய்ந்தார். முன்னாலேயே இருந்ததுதான் என்று தெரிந்ததும், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, பழைய சேதம் என்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சாக்கை இன்னொரு மடிப்பு மடித்துப் போர்த்தினார்.

"உங்க முகத்துல ஒரு களை வந்திருக்குங்க" என்றாள் மனைவி ஒருநாள்.

"தோட்டத்துல இருந்ததையெல்லாம் பிடுங்கிட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம்" என்றார் அவர். சொல்லிவிட்டு உடனே யோசித்தார். எதற்காகப் புகழ்கிறாள்?

பனி குறைந்து வெயில் கொஞ்சம் உறைக்க ஆரம்பித்த ஒரு விடுமுறை நாள் காலை. வாசலில் லாரிச் சத்தம். எட்டிப் பார்த்தால், முன் சீட்டிலிருந்து பாண்டு மாஸ்டர் குதிக்கிறார்! பின்னால் தார்ப்பாய் போர்த்தி, குவியலாக ஏதோ இருக்கிறது.

வந்தேவிட்டான்! டிரம்மோடு வந்துவிட்டான்! பூதக்கண்ணாடி மண்வெட்டியோடு ஓடி, கேட்டுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"இடம் இல்ல மச்சான்! திருப்பு வண்டியை!"

"என்ன மாப்ளே, வந்ததும் வராததுமா?"

"எல்லாம் எனக்குத் தெரியும். சிமெண்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒவ்வொரு அடியிலயும் குச்சி நட்டாச்சு. உங்க பாண்டை வேற எங்கயாச்சும் கொண்டுபோய் ஊதுங்க!"

பாண்டு மாஸ்டர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வேறெங்கோ பார்த்தார். "பாண்டா? நாங்க எப்பவும் பழகற கொட்டகையிலதானே மாப்ளே பழகறோம்? இங்க வந்து ஏன் ஊதணும்?"

"நடிக்காதீங்க. உங்க தங்கச்சிகூடப் போன்ல பேசினீங்களே, நான் கேட்டேன்!"

"போன்லயா? என் போன் தண்ணித் தொட்டியில விழுந்து, குளிர் ஆரம்பிச்சதுலேருந்து ரிப்பேர்க் கடையில கிடக்கு. நேத்துத்தான் கைக்கு வந்துச்சு."

பூதக்கண்ணாடியின் விரித்த கைகள் மெதுவாக இறங்கின. "அப்ப இந்த லாரியில என்ன?"

பாண்டு மாஸ்டர் தார்ப்பாயை விலக்கினார். எட்டிப் பார்க்காமலேயே மூக்குக்குத் தெரிந்தது. லாரி நிறைய எரு. நன்றாக மக்கிய, கறுத்த, பொலபொலவென்ற எரு.

"உங்க வீட்டுக்காரி கேட்டதுதான். என் சம்சாரத்துக்குப் போன் பண்ணியிருந்தா. 'பழைய எருவா ஒரு லாரி பார்த்து வைக்கச் சொல்லுங்க அண்ணி, மண்ணெல்லாம் கொத்தி முடிஞ்சதும் கொண்டுவந்தாப் போதும், இந்த வருஷம் அவரே இறக்கிப் பரப்பிடுவாரு'ன்னு."

"எப்பச் சொன்னா?"

"ரொம்ப நாளாச்சு மாப்ளே. ஏதோ சிமெண்டு போடணும்னு நீங்க சொன்னீங்களாமே, அன்னிக்கு மத்தியானம்."

அன்றைக்கு மத்தியானம்! அளப்பதற்கு முன்னால். அந்தப் போன் பேச்சுக்கு முன்னால். இவர் சத்தியம் செய்வதற்கு முன்னால். எதிர்முனையில் யாருமே இல்லாத போனில், இவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, பாடம் நடத்துவதுபோல...

திரும்பினார். மனைவி கூடையோடு வந்துகொண்டிருந்தாள். முட்டி வலியைக் காணவில்லை.

கோபம் வருவதற்கு முன்னால் அவருக்குள் ஒரு பூரிப்பு வந்துவிட்டது. என்ன இருந்தாலும் தொழில் பெருமை. "நான் அன்னிக்கே நினைச்சேன்! நீ 'சரிங்க'ன்னப்பவே இதுல ஏதோ சூது இருக்குன்னு சந்தேகப்பட்டேன். என் சந்தேகம் தப்பே இல்ல!"

"தப்பே இல்லீங்க" என்று அவள் மனதார ஒப்புக்கொண்டு, கூடையை அவர் கையில் கொடுத்தாள். "உங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?"

அவர் கூடையோடு லாரியின் பக்கம் நடந்தார். முதல் கூடையை இறக்கினார். இரண்டாவதையும் இறக்கினார். மூன்றாவதில் ஒரு கேள்வி வந்து வழியை மறித்தது. கூடையைத் தலையில் வைத்தபடியே நின்று கேட்டார்.

"ஒருவேளை நீ சொன்னதை நான் நம்பியிருந்தேன்னா? சரின்னுட்டாளேன்னு மறுநாளே சிமெண்டு போட்டிருந்தா, உன் தோட்டம் என்ன ஆகியிருக்கும்?"

"போயிருக்கும்" என்றாள் அவள், சாதாரணமாக. "ஆனா கல்யாணமானதுலேருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையையாவது நீங்க நம்பியிருக்கீங்களா? அந்தத் தைரியத்துலதாங்க எருவுக்குச் சொல்லிவிட்டேன்."